ஒன்பதாம் பாத்திச் சிவப்பு

அக்டோபர் 26, 2023, வியாழன்

ரேஷன் கடைக்குப் போனேன். பாமாயில் வரவில்லை, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். வலது முழங்காலில் குடைச்சல். தைலம் தேய்த்தால் வீடே நாறுகிறது என்று தங்கபுஷ்பம் கத்துகிறாள். முழங்கால் என்னுடையதா, அவளுடையதா?

பதினொரு மணிக்கு நஸ்ரின் வந்தாள். பத்மாசனி மேடத்தின் ஆய்வுக்கூடத்தை இப்போது நடத்துகிற பெண், மேலப்பாளையத்துக்காரி. மேடம் இறந்து மூன்று வருடம் கழித்துத்தான் இங்கே வேலைக்கு வந்தாள், மேடத்தை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் மேடத்தின் கட்டுரைகளை வரி விடாமல் படித்தவள். மேடத்தின் உதவியாளனாக இருந்த என் பெயரையும் அதில்தான் பார்த்ததாக முதல் நாளே சொன்னாள். கட்டுரைக் கடைசியில் உதவியவர்களுக்கு நன்றி சொல்வார்களே, அதில் இருந்திருக்கும்.

இன்று உட்காரக்கூட இல்லை. ஆயுத பூஜை லீவுக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, எல்லா இயந்திரத்துக்கும் பூஜை போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த உதவியாளர் சங்கரபாண்டி அதற்கு முன் இருபது வருடம் லேத் பட்டறையில் இருந்தவர். பட்டறையில் பூஜை என்றால் மிஷினை நிறுத்தி ஓய்வு கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் மைனஸ் எண்பது டிகிரி பிரிட்ஜையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். புதன்கிழமை வந்து திறந்தால், பல வருடம் சேர்ந்த பனி உருகிப் பெட்டிகளெல்லாம் தண்ணீரில் மிதந்திருக்கின்றன. பழைய குப்பிகளின் தேய்ந்த மூடி வழியே நல்ல தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. மற்ற நுண்ணுயிருக்கு அது போதாத காலம் என்றால், தூ 9க்கு அது எமன்.

தூ 9 என்பது தூத்துக்குடி உப்பளத்தில் ஒன்பதாம் பாத்தியில் 1977இல் மேடம் எடுத்த சிவப்பு நுண்ணுயிர். உப்பு முற்றின தண்ணீரில்தான் வாழும், உப்பில்லாத தண்ணீர் பட்டால் உடைந்து செத்துவிடும். ஆய்வுக்கூடத்தில் எல்லாக் குப்பியிலும் இங்கிலீஷில் எழுதியிருக்க, இதில் மட்டும் மேடம் தமிழில் ‘தூ’ என்று எழுதினார். எட்டாங்கிளாஸ் படித்தவன் எனக்குப் படிக்கத் தெரிய வேண்டுமே என்றுதான்.

“வேற எங்கயாவது ஒரு துளி இருக்குமா அண்ணாச்சி? வெளிநாட்டுக்கு அனுப்புனதெல்லாம் அங்கயும் இல்லையாம்” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

அக்டோபர் 27, வெள்ளி

ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பிரிட்ஜ் கழுத்தில் அந்த மாலை காய்ந்து தொங்குகிறது, எடுக்க யாருக்கும் மனசில்லை. சங்கரபாண்டி ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், முகம் வீங்கியிருந்தது. கதவைத் திறந்து பார்த்த அஞ்சாவது நிமிஷம் நஸ்ரினிடம் போய், நான்தான் அணைச்சேன் மேடம் என்று சொல்லிவிட்டாராம். எல்லாரும் திட்டித் தீர்த்தாயிற்று. நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 28, சனி

மழை. வெளியே போகவில்லை. பீரோவையும் திறக்கவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

டைரி எழுதும் பழக்கம் மேடம் வைத்தது. “பார்த்ததை எழுதுங்க இசக்கி, நினைச்சதை எழுத வேண்டாம்” என்பார். ஆய்வுக்கூட நோட்டுக்கு அதுதான் விதி. நானும் நாற்பத்தாறு வருடமாக ரேஷனையும் மழையையும் எழுதிக்கொண்டு வருகிறேன். இன்று பார்த்ததையே எழுதுகிறேன்.

பீரோவில், தங்கபுஷ்பத்தின் கூறைப்பட்டுக்குள் ஒரு குப்பி இருக்கிறது. கட்டைவிரல் உயரம். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு உப்புக்கல், வாயில் மெழுகு. 1979 தை மாதம் எங்கள் கல்யாணத்துக்கு மேடம் கொண்டு வந்த பரிசு. தூ 9 வளர்ந்த உப்புநீரை மொட்டைமாடி வெயிலில் காயவைத்து மேடமே விளைவித்த கல். “இதுக்குள்ள அதுங்க தூங்கிண்டிருக்கு இசக்கி. நம்மளவிட அதுங்களுக்கு ஆயுசு ஜாஸ்தி” என்றார். கல்யாணத்துக்கு உப்பு கொண்டு வந்த ஒரே ஆள் உங்க மேடம்தான் என்று தங்கபுஷ்பம் இன்று வரை சொல்லிக்காட்டுகிறாள். பத்திரமாக வைத்திருப்பவளும் அவள்தான்.

கொடுத்தால் முளைக்கும். முளைத்தால் நஸ்ரின் அதன் டிஎன்ஏவைப் படிப்பாள். படித்தால் என் குட்டு உடையும்.

1986 மே மாதம். மேடம் இரண்டு மாதம் ஜெர்மனி போயிருந்தார். அப்போது எங்களிடம் பெரிய பிரிட்ஜ் கிடையாது. தூ 9 மூன்று குடுவையில் உயிரோடு இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதிய கரைசலைக் காய்ச்சி அதற்கு மாற்ற வேண்டியது என் வேலை. உப்புப் போட்ட கரைசல் தூ 9க்கு, உப்புப் போடாதது மற்றவற்றுக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். உப்பளத்துக்காரன் எனக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. அன்று காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வாயில் பஞ்சோடு வந்திருந்தேன். நாக்கில் வைக்கவில்லை. மூன்றையும் உப்பில்லாத கரைசலில் ஊற்றிவிட்டேன். பழைய குடுவைகளைக் கொதிநீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், சிவப்பு கரைந்து, கரைசல் கஞ்சி மாதிரி இழுபடுகிறது. அத்தனையும் உடைந்துவிட்டது.

அன்றே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அதே ஒன்பதாம் பாத்தி, அதே கோடைச் சிவப்பு. ஒரு பாட்டில் மொண்டு வந்து, தட்டில் தடவி, பத்து நாளில் முளைத்ததில் நல்ல சிவப்பாக ஒன்றைப் பொறுக்கி வளர்த்து, குடுவையில் தூ 9 என்று எழுதி ஒட்டினேன். வீட்டில் இருந்த கல்லை உடைத்திருக்கலாம். அது முளைக்க ஒரு மாதம் வரை ஆகும், மேடம் வர இருபது நாள்தான் இருந்தது.

மேடம் வந்தார். அந்தக் குடுவையிலிருந்துதான் வேலையைத் தொடர்ந்தார். கடும் உப்பிலும் டிஎன்ஏ உடையாமல் அதைக் கட்டிக் காக்கிற ஒரு புரதம் இருக்கிறது என்று மேடம் சொன்னபோது, வெளிநாட்டில் சிரித்தார்கள். குழாய் கழுவத் தெரியாதவர்களின் அழுக்கு என்று ஒருத்தர் எழுதினாராம். 1991இல் மேடம் அதை அக்கு அக்காகப் பிரித்து நிரூபித்தார். இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த நிரூபணம் முழுக்க நான் ஒட்டின குடுவை. கல் முளைத்தால் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துவிடும். என்னை என்ன சொன்னாலும் சொல்லட்டும். மேடத்தைப் பொய்க்காரி என்று சொல்லிவிடுவார்களே.

நவம்பர் 1, புதன்

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. தங்கபுஷ்பம் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, பீரோவைத் திறந்து குப்பியை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“நஸ்ரின் வந்துட்டுப் போனதுலேருந்து பீரோவையே பாத்துக்கிட்டுல்லா இருக்கிய. கொண்டு போய்க் குடுங்க. இது உங்களுக்குக் குடுத்தது இல்ல, நமக்குக் குடுத்தது. எனக்கும் பாதி இருக்கு.”

காரணம் சொல்ல வாயெடுத்தேன். எதுவானாலும் கொடுத்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று கைகழுவப் போய்விட்டாள்.

இதைக் கொடுக்காமல் விட்டால் மேடம் தொட்ட தூ 9 உலகத்தில் எங்கேயும் இருக்காது. மேடத்தின் பெயரைக் காப்பாற்ற மேடத்தின் உயிரையே பீரோவில் பூட்டிவைப்பதா?

நவம்பர் 2, வியாழன்

கொடுத்துவிட்டேன்.

நஸ்ரின் குப்பியைக் கையில் வாங்கியதும் எந்த வருடத்துக் கல் என்று கேட்டாள். 79 என்றேன். நிச்சயமா என்றாள். நிச்சயம். எண்பத்தாறுக்கு முந்தினதுதானே என்று மூன்றாவது தடவையும் கேட்டாள். எண்பத்தாறு என்று ஏன் சொன்னாள்? எதையோ மோப்பம் பிடித்துவிட்டாள். அவளுக்குக் கண்ணெல்லாம் கலங்கி இருந்தது. எனக்கு அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நவம்பர் 4, சனி

கரைசல் காய்ச்சினேன். நஸ்ரின் கடையில் வாங்கின சுத்தமான உப்பை நீட்டினாள். மேடத்தின் கைப்பக்குவத்துக்கு உப்பளத்து உப்புதான் வேண்டும் என்று, தூத்துக்குடியிலிருந்து மச்சினனைக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தேன். ஊற்றும் முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். இப்போதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாதாம். நஸ்ரின் சத்தம் போட்டாள். போடட்டும். நன்றாகக் கரித்தது.

கல்லைக் கழுவி, போட்டு, மூடி, நாற்பது டிகிரி பெட்டியில் வைத்தோம். குடுவை குழாய்த் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கிறது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அதிரசம் கல் மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். குடுவையில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 19, ஞாயிறு

பதினைந்து நாள். ஒன்றும் இல்லை. லீவு நாளிலும் போய் உட்கார்கிறேன். சங்கரபாண்டி எனக்காகக் கதவைத் திறந்துவிடுகிறார்.

மேடத்தின் நாற்காலி இன்னும் ஜன்னலோரம் கிடக்கிறது. யாரும் உட்காருவதில்லை, உட்கார வேண்டாம் என்று யாரும் சொன்னதுமில்லை. அந்த நாற்காலியில்தான், கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு இருப்பார். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எழுந்து, கைப்பையை எடுத்து, கதவருகில் நின்று ஒரு தடவை திரும்பிக் கேட்பார்.

“வேற ஏதாவது இருக்கா, இசக்கி?”

“ஒண்ணும் இல்ல மேடம்” என்பேன். விளக்கை அணைத்துவிட்டுப் பூட்டுவேன். தினமும் இதே பேச்சு. இப்படி ஒரு உதவியாளனை நின்று கேட்டுவிட்டுப் போகிற அதிகாரி எந்த ஆபீஸில் உண்டு? எனக்கு அந்த நேரத்துக்காகவே நாள் ஓடும். அதே நேரத்தில்தான் பயமும் வரும்.

பயம் வேலை போய்விடுமே என்பதில்லை. உப்பளத்தில் வாருகோல் இழுத்தவனுக்கு எந்த வேலையும் வேலைதான். மேடம் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்றுதான் பயம். இருபத்து மூன்று வயதில் வரப்பில் நின்றவனை, “இந்தச் சிவப்பு எந்த மாசம் வரும்?” என்று கேட்டு, நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டவர். நான் சொன்னதை ஒரு ஆள் எழுதிக்கொள்வதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

2012இல் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார். அரைமணி நேரம் பழைய கதை. கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டார். ஒண்ணும் இல்ல மேடம், உடம்பைப் பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்காம் நாள் போய்விட்டார். இன்னொரு தடவை அந்தக் குரல் கேட்காதா என்று இருக்கிறது. ஒரே ஒரு தடவை.

நவம்பர் 30, வியாழன்

காலையில் நஸ்ரின் போன் பண்ணினாள். ஒன்றும் சொல்லாமல் வாங்க என்று மட்டும் சொன்னாள். முழங்காலையும் மறந்து ஆட்டோ பிடித்துப் போனேன்.

சிவப்பு. அடியில் லேசாக, ரோஜாப்பூத் தண்ணீர் மாதிரி. குலுக்கினால் மினுங்குகிறது. நாற்பத்து நான்கு வருடம் கல்லுக்குள் தூங்கி எழுந்திருக்கிறது. சங்கரபாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். நஸ்ரின் அழுதாள். நானும்.

டிஎன்ஏ எடுத்துப் படிக்கப் போகிறேன் என்றாள். சரி என்றேன். இனி ஓட முடியாது.

டிசம்பர் 18, திங்கள்

வெள்ளம். தெருவில் இடுப்பளவு. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. ஆய்வுக்கூடம் மேட்டில் இருப்பதால் தப்பித்தது. தூத்துக்குடியில் உப்பளமெல்லாம் ஒரே கடலாகக் கிடக்கிறதாம். ஒன்பதாம் பாத்தி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்று மச்சினன் சொன்னான். நல்ல தண்ணீர் அத்தனையும்.

ஜனவரி 4, 2024, வியாழன்

நஸ்ரின் கூப்பிட்டு அனுப்பினாள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நாற்காலியைத் திருப்பினாள். சொல்லிவிடலாம் என்று நான் வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

“அண்ணாச்சி, இது அந்தப் பழைய தூ 9தான். அழிஞ்சு போச்சுன்னு மேடம் எழுதியிருந்தாங்கல்லா, அதேதான்.”

மேடம் எங்கே எழுதினார் என்று கேட்டேன்.

1991 கட்டுரையை எடுத்து, இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, தமிழில் சொன்னாள். 1977இல் எடுத்த மூல வளர்ப்பு 1986 மே மாதத்தில் அழிந்துவிட்டது. இந்த ஆய்வில் பயன்படுத்தியது, அதே பாத்தியிலிருந்து எஸ். இசக்கிமுத்து மீண்டும் பிரித்தெடுத்த வளர்ப்பு.

“உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். உங்க பேரு இதுலதான் இருக்குன்னு சொன்னேனே” என்றாள்.

அந்தக் கட்டுரை என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அச்சான அன்று மேடமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உங்க பேர் இருக்கு, யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லுங்க என்றார். நன்றி சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை என்று பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். உலகத்துக்கே சொல்லி, அச்சடித்து, என் கையிலும் கொடுத்திருக்கிறார். முப்பத்து மூன்று வருடம் அதன் மேல் போர்வையை மடித்து வைத்திருந்தேன்.

மேடத்துக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். நஸ்ரின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். ஜெர்மனியிலிருந்து வந்த பிறகு மேடம் செய்த முதல் சோதனை. டிஎன்ஏவை வெட்டிப் பார்த்த கோடுகள் பழைய படத்தோடு பொருந்தவில்லை. மூன்று தடவை செய்து பார்த்திருக்கிறார். பக்கம் முழுக்க இங்கிலீஷ். அடியில் மட்டும், குப்பியில் எழுதுகிற அதே எழுத்தில், தமிழில் ஒரு வரி.

‘இது இசக்கி கொண்டு வந்தது. அவராகச் சொல்லட்டும்.’

தேதி 14.7.86.

பிரிட்ஜில் அழிந்துபோனது நான் கொண்டு வந்தது. குடுவையில் பிழைத்துக் கிடப்பது மேடத்துடையது. நஸ்ரின் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 5, வெள்ளி

காலையில் பரண் மேல் ஏறி 1986 டைரியைத் தேடி எடுத்தேன். விழுந்து தொலையப் போகிறீர்கள் என்று தங்கபுஷ்பம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

மே 19: ஊருக்குப் போய் வந்தேன். வெயில் அதிகம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 14: பூட்டும்போது மேடம், வேறு ஏதாவது இருக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். மண்ணெண்ணெய் வாங்கினேன்.

அதற்கு முந்தின ஒன்பது வருட டைரிகளையும் கீழே இறக்கிப் புரட்டினேன். அந்தக் கேள்வி எங்கேயும் இல்லை. அந்த ஜூலை பதினான்காம் தேதிதான் முதல் தடவை. வழக்கமாகக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். மேடம் ஓய்வு பெறும் வரை, பதின்மூன்று வருடம், ஒவ்வொரு சாயங்காலமும் கதவருகில் நின்று எனக்காகக் காத்திருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும்.

தங்கபுஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். டைரியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவிய தெனமும் கேட்டுருக்காவ. நீங்க தெனமும் இல்லைன்னுட்டு வந்துருக்கிய” என்றாள். பிறகு என் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். எங்கே போகப் போகிறேன் என்று கேட்கவில்லை.

ஐந்தேகாலுக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நஸ்ரினும் சங்கரபாண்டியும் பூட்டத் தயாராக இருந்தார்கள். ஐந்து நிமிஷம் வெளியே இருங்கள் என்றேன். ஏன் என்று கேட்காமல் போனார்கள்.

பார்த்ததை எழுதுகிறேன். மேஜையில் குடுவை, நல்ல சிவப்பு. அதில் நஸ்ரின் தமிழில் தூ 9 என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். ஜன்னலோரம் நாற்காலி காலி. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை. நான் பூட்டும் சாவியோடு எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றேன். கதவுப் பக்கம் பார்த்து, சத்தமாகவே சொன்னேன்.

“இருக்கு மேடம். எண்பத்தாறு மே மாசம், நாக்குல வச்சுப் பாக்காம ஊத்திட்டேன்.”